மட்டக்களப்பு ஹெர்மிஸ் கப்பல்: அட்வான்ஸ்டு சான்றிதழோடு இறங்கலாமா?

நொய்யல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜூலையில் நானும் மனைவியும் இலங்கை போகிறோம். அதை ஒட்டி ஒரு கேள்வி.

அந்தமான் ஹேவ்லாக்கில் ஸ்கூபா டைவிங்கின் முதல் படியான ஓபன் வாட்டர் சான்றிதழ் முடித்தேன், அடுத்த சீசனில் அங்கேயே அடுத்த படியான அட்வான்ஸ்டும் எடுத்தேன். இதுவரை இறங்கியதில் அதிக ஆழம் 30 மீட்டர், அதுவும் பயிற்றுநர் பக்கத்திலேயே இருக்க. மனைவியிடம் ஓபன் வாட்டர் மட்டும்தான். அவளுக்கு மீனும் பவளமும் போதும். எனக்குத்தான் போர்க்கப்பல் பைத்தியம். பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் பீரங்கியும் புகைபோக்கியுமாக வரைந்து அடி வாங்கியவன். இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று, நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில், மனிதன் இறங்கிப் பார்க்கக்கூடிய ஆழத்தில் கிடக்கிறது என்று தெரிந்த பிறகு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

ஒரு டைவ் சென்டருக்குப் போன் போட்டேன். பெயர் வேண்டாம். "அட்வான்ஸ்டு இருக்கிறதா? அப்புறம் என்ன சார், சாதாரணக் காற்றிலேயே இறங்கி, கப்பலைத் தொட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் மேலே வந்துவிடலாம்" என்றார். ஆழம் எவ்வளவு என்று கேட்டேன். "ஐம்பத்துச் சொச்சம்." என் சான்றிதழ் 30 மீட்டர் வரைக்கும்தானே என்று இழுத்தேன். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று முடித்துவிட்டார்.

ஆசை விடமாட்டேன் என்கிறது, வயிற்றையும் கலக்குகிறது. அங்கே இறங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள். எனக்கு அது ஆகாது என்றால், அதே சண்டையில் மூழ்கியவற்றில் என் தகுதிக்கு ஏற்றது ஏதாவது உண்டா?

---

உப்புக்காற்று எழுதியது:

தொட்டுக் கும்பிட்டுவிட்டு உடனே திரும்ப அது என்ன கோயில் தேரா? போகாதீர்கள். பாலமீன்மடு அண்ணன் இந்தப் பக்கம் வருவார், அவர் சொல்லட்டும்.

---

பாலமீன்மடு எழுதியது:

வந்துவிட்டேன். தம்பி நொய்யல், போனில் கேட்ட கதையை அப்படியே மறந்துவிடுங்கள். அட்வான்ஸ்டு சான்றிதழை மட்டும் பார்த்து ஹெர்மிஸுக்கு ஆள் ஏற்றுகிற படகு, கீழே ஒரு ஆளுக்கு ஏதும் ஆனால் என்ன செய்வது என்று யோசித்த படகாக இருக்காது.

நான் முகத்துவாரம் பக்கத்து ஆள். வெளிச்சவீட்டடியில் வீடு. சீசனில் டைவ் படகுகளோடு கடலுக்குப் போவேன், கப்பலிலும் இறங்குவேன். வாடைக் காலத்தில் அவுட்போர்ட் எஞ்சின் திருத்துகிற அலுவல். அதனால் பெரும்பாலும் படகுக்காரன் பக்கத்து நியாயத்தைத்தான் சொல்வேன். காஸ் கணக்கைச் சிராங்கூன் அக்கா வந்து சொன்னால் நல்லது, அவர் அதிலே புலி.

கப்பல் மணலில் கிடக்கிற ஆழம் 53 மீட்டர் அளவு. இடப்பக்கம் சரிந்து கிடக்கிறது. மேலாக இருக்கிற இரும்பைப் பார்ப்பதற்கே 40 மீட்டரைத் தாண்ட வேண்டும். பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லையே 40தான், உங்களுடையது 30. உச்சிக்கே அனுமதி இல்லாத ஆளை அடிக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறார்கள்.

போகிற விதத்தையும் சொல்கிறேன், ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் அளவு. வெள்ளனவே வெளிக்கிடுவோம். முகத்துவாரத்தில் மணல் திட்டு வருடத்துக்கு வருடம் இடம் மாறும், அந்த வாயைத் தாண்டுவதுதான் படகோட்டிக்கு முதல் சோதனை. வெளியே போய்விட்டால் கரை ஒரு பச்சைக் கோடாகத் தெரியும், அடையாளம் வைக்க மலையும் இல்லை கோபுரமும் இல்லை. ஜிபிஎஸ் புள்ளிக்கு வந்ததும் எஞ்சினைக் குறைத்து, ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரைப் பார்த்தபடி மெதுவாகக் குறுக்கும் நெடுக்கும் போவோம். தட்டையாக ஓடிக்கொண்டிருக்கிற கோடு ஒரு இடத்தில் சட்டென்று மேலே எழும்பும். அதுதான் கப்பல். இரும்புக் குண்டு கட்டிய கயிற்றைக் கப்பலுக்குப் பக்கத்தில் இறக்கி மேலே மிதவை போடுவோம். பிறகு எல்லாரும் சாமான்களை மாட்டிக்கொண்டு தயாராக இருக்க, நான் அந்த மிதவையை மட்டும் பார்ப்பேன். அதைச் சுற்றி நுரை கீறிக்கொண்டு தண்ணீர் ஓடினால், அல்லது மிதவை பாதி அமிழ்ந்து இழுபட்டால், ஒருத்தரையும் இறக்க மாட்டேன். காசு கொடுத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மேலே ஏறும்போது அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்கப் போகிறவர்கள் அவர்கள்தான், நீரோட்டத்தில் கொடி மாதிரி ஆடிக்கொண்டு நிற்க முடியாது.

இறங்கும்போது முதலில் நீலம்தான், கயிறு ஒன்றைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு மீன் கூட்டம் வரும், அதற்குக் கீழே இருட்டாக ஒரு சரிவு. நீளம் 180 மீட்டருக்கு மேல். ஒரு டைவில் முழுதாகப் பார்க்க நினைப்பவன் ஒன்றையும் பார்க்காமல் வருவான். பின்பக்கத்துக்குப் போனால் அங்கேயே நில்லுங்கள் என்பேன். ஐந்தரை அங்குலப் பீரங்கிகள் இருந்த கப்பல் இது, விமானம் சுடும் சின்னத் துப்பாக்கிகள் வேறு. குழாய்களில் சிப்பியும் பாசியும் ஏறி இரண்டு மடங்கு தடிப்பாகத் தெரியும். காலில் மாட்டிய துடுப்பு உரசினாலே துரு கலங்கி அப்படியே தண்ணீரில் தொங்கி நிற்கும், பிறகு பின்னால் வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. களவா மீன் ஆளைக் கண்டு ஓடாது. பாரை மீன்கள் வட்டம் போட்டபடி இருக்கும்.

எங்கள் மீனவர்களுக்கு அது நல்லதொரு பார். தூண்டில் போட மீன் கூடுகிற இடம். பல காலமாக அறுந்த தங்கூசியும் (நைலான் தூண்டில் நரம்பு) வலைத்துண்டும் கப்பலில் சிக்கிக் கிடக்கின்றன. படத்தில் இதெல்லாம் தெரியாது. மெல்லிய தங்கூசி சிலிண்டர் வால்வில் மாட்டினால், 50 மீட்டரில், ஆழத்தில் காற்றின் நைட்ரஜன் தருகிற போதை மாதிரியான மயக்கத்தோடு, பின்னுக்குக் கையை விட்டு அவிழ்ப்பதை நினைத்துப் பாருங்கள். நான் இரண்டு கட்டர் கொண்டுபோவேன், எந்தக் கை சும்மா இருந்தாலும் ஒன்று எட்டுகிற மாதிரி.

அந்த மயக்கம் பற்றியும் ஒரு விஷயம். ஒருமுறை காற்றில் இறங்கிய ஒரு வெள்ளைக்காரர், நல்ல அனுபவசாலி, கப்பலுக்குப் பக்கத்தில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற தன் கேஜைப் பார்த்தபடியே நின்றார். எவ்வளவு இருக்கிறது என்று சைகையில் கேட்டேன். காட்டினார். திரும்பவும் அதையே பார்க்கத் தொடங்கினார். கையைப் பிடித்துக் கயிற்றடிக்குக் கொண்டுவந்தேன். மேலே வந்து தேத்தண்ணி குடிக்கும்போது, நான் கேட்டதும் அவர் காட்டியதும் ஒன்றும் நினைவில்லை என்றார். பயந்த முகம்கூட இல்லை. சந்தோஷமாக இருந்தார்.

சரி, உங்களுக்கு என்ன உண்டு? பிரிட்டிஷ் சார்ஜன்ட். அதே நாள், அதே விமானங்கள் மூழ்கடித்த எண்ணெய்க் கப்பல். மட்டக்களப்புக்கு வடக்கே, காயாங்கேணிப் பக்கம். ஆழம் 25 மீட்டர் சுற்றி. இரண்டாக உடைந்து கிடக்கிறது. பாசிக்குடா, கல்குடாவில் இருந்து படகு போகும். உங்கள் சான்றிதழுக்குச் சரியான டைவ். போர்க்கப்பல் இல்லையே என்று நினைக்க வேண்டாம், குண்டு விழுந்த இரும்பு எப்படிக் கிழியும் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் உங்களுக்குக் கிடைக்காது. அங்கே நேரமும் இருக்கும், தலையும் தெளிவாக இருக்கும். ஆனால் உள்ளே நுழைய வேண்டாம். மனைவிக்கு 18 மீட்டர்தான் எல்லை, ஆகவே அவருக்குப் பாசிக்குடாப் பக்கத்துப் பவளப் பார்கள்.

ஜூலை நல்ல மாதம். மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் எங்கள் பக்கம் கடல் படுத்திருக்கும். பகல் ஏறினால் காற்று எழும்பும், அதனால்தான் வெள்ளன போவது. நவம்பரில் இருந்து வாடை, அப்போது கூட்டிப்போகிறேன் என்று சொல்கிறவனோடு கதைக்கவே வேண்டாம்.

---

ஏப்ரல்42 எழுதியது:

டைவிங் எனக்குத் தெரியாது, குளத்தில்கூட இறங்க மாட்டேன். கப்பல் கதை தெரியும்.

நொய்யல் "சண்டை" என்று எழுதியிருக்கிறார். ஹெர்மிஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சண்டையாக இருக்கவில்லை. கட்டும்போதே விமானந்தாங்கியாக வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. ஆனால் கட்டி முடிக்க ஆண்டுக்கணக்கில் இழுத்ததால் ஜப்பானின் ஹோஷோ முந்திக்கொண்டு சேவைக்கு வந்துவிட்டது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகள் கொழும்பைத் தாக்கின. அன்றே டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர்களும் போயின. அடுத்த இலக்கு திருகோணமலை என்று தெரிந்ததும், துறைமுகத்தில் இருந்த கப்பல்களை 8ஆம் தேதி இரவே வெளியேறச் சொன்னார்கள். ஹெர்மிஸ் அவசரமாகக் கிளம்பியது. அதன் 814ஆம் ஸ்குவாட்ரன் விமானங்கள் திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளத்தில் கரையிலேயே நின்றுவிட்டன. ஒரு விமானம்கூட இல்லாத விமானந்தாங்கி.

கரையோரமாகத் தெற்கே வந்து, 9ஆம் தேதி காலை, போர் விமானப் பாதுகாப்பு கிடைக்கும் என்று திரும்பவும் திருகோணமலை நோக்கித் திருப்பப்பட்டது. அதற்குள் ஜப்பானிய வேவு விமானம் பார்த்துவிட்டது. 80க்கும் மேற்பட்ட டைவ் பாம்பர்கள் கிளம்பி வந்தன. காலை பத்தரை மணிக்கு மேல் தொடங்கியது, பதினொரு மணிக்கு முன் கப்பல் தண்ணீருக்குள். கேப்டன் ஆன்ஸ்லோவோடு 307 பேர் இறந்தார்கள். உதவிக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஃபுல்மர் போர் விமானங்கள் வந்து சேர்ந்தபோது காப்பாற்றக் கப்பல் இல்லை. அந்த வழியே வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல்தான் தண்ணீரில் கிடந்த அறுநூறு பேர் அளவில் தூக்கியது. மருத்துவக் கப்பல் என்பதால் ஜப்பானியர் அதைத் தொடவில்லை. விமானந்தாங்கியின் விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட முதல் விமானந்தாங்கியும் ஹெர்மிஸ்தான்.

கூட வந்த ஆஸ்திரேலிய டெஸ்ட்ராயர் வாம்பயரும் அன்றே போனது. நான்கு மாதம் முன்பு மலாயாக் கடலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிப்பல்ஸும் மூழ்கியபோது, தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கிய கப்பல்களில் அதுவும் ஒன்று. ஹாலிஹாக் என்ற சிறு காவல் கப்பலையும் அதே நாளில் இழந்தார்கள்.

இன்னொன்று. ஏப்ரல் 6 அன்று வேறொரு ஜப்பானியப் படை விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டது. அடுத்து சென்னைதான் என்று அந்த மாதம் மெட்ராஸே காலியானது. நம் வீட்டுப் பெரியவர்கள் "ஜப்பான்காரன் குண்டு போட வந்தான், ஊரைக் காலி பண்ணினோம்" என்று சொன்ன கதை இதே கப்பற்படையின் நிழல்தான்.

---

நீலாங்கரை எழுதியது:

எல்லோரும் தம்பியை ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். டைவிங் தொடங்கிய காலத்தில் எல்லோரும் காற்றில்தான் இறங்கினார்கள். இன்றைக்கும் காற்றிலேயே 55 மீட்டர் வரை பயிற்சி கொடுக்கும் பாடநெறி இருக்கிறது. 53 மீட்டரில் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் 1.3 பார் (அழுத்த அளவு) தான், எல்லைக்குள்தான். கெட்டிக்கார வழிகாட்டி ஒருவர் இருந்தால் ஒன்றும் ஆகாது.

---

சிராங்கூன் எழுதியது:

நீலாங்கரை சொன்ன 1.3 சரி. ஆக்சிஜன் விஷத்துக்கு அது எல்லைக்குள்தான். ஆனால் 53 மீட்டரில் முதலில் காலை வாருவது ஆக்சிஜன் இல்லை.

அங்கே அழுத்தம் 6.3 பார். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவர் அங்கே 126 லிட்டர் இழுப்பார். வாடகைக்குக் கிடைக்கும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் மொத்தம் 2200 லிட்டர். கயிற்றைப் பிடித்து இறங்கியதில் ஒரு பங்கு போயிருக்கும். கீழே பதற்றம் வந்து மூச்சு இரண்டு மடங்கானால் நிமிடத்துக்கு 250 லிட்டர். பாலமீன்மடு அண்ணன் சொன்ன தங்கூசி மாட்டியிருக்கிறது, கூட வந்தவரின் ரெகுலேட்டரும் காற்றைக் கொட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், ஒரு சிலிண்டர். எத்தனை நிமிடம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். மேலே போய்விடலாம் என்றால் நேராகவும் போக முடியாது. வழியில் நிற்காமல் நேராக ஏற வேண்டுமென்றால் 40 மீட்டரிலேயே எட்டு, ஒன்பது நிமிடம்தான் தங்கலாம். 53 மீட்டரில் பத்து நிமிடம் நின்றவர் ஏறும் வழியில் நின்று நின்று நைட்ரஜனை வெளியேற்றியாக வேண்டும். அந்த நிறுத்தங்களுக்கான காற்று அதே 2200 லிட்டரிலிருந்துதான் வர வேண்டும். "பத்து நிமிடத்தில் மேலே வந்துவிடலாம்" என்றவர் இந்தக் கணக்கைப் போட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு விஷயத்தை இப்போதுதான் நிறையப் பேர் கவனிக்கிறார்கள்: காற்றின் அடர்த்தி. அந்த ஆழத்தில் ஒரு லிட்டர் காற்று சுமார் 8 கிராம் கனம். லிட்டருக்கு 6 கிராம் சொச்சத்தைத் தாண்ட வேண்டாம் என்பது இன்றைய பரிந்துரை. கனமான காற்றை இழுத்து விடும்போது கரியமில வாயு உடலிலேயே தங்கிவிடும். அது மயக்கத்தைக் கூட்டும், பயத்தைக் கிளப்பும், மூச்சை வேகமாக்கும், வேகமான மூச்சு மேலும் கரியமில வாயுவைச் சேர்க்கும். கெட்டிக்கார வழிகாட்டி உங்களுக்காக மூச்சு விட முடியாது.

டிரைமிக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 18 பங்கு ஆக்சிஜன், 45 பங்கு ஹீலியம், மீதி நைட்ரஜன். அதே 53 மீட்டரில் அடர்த்தி 5 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். மயக்கம் காற்றில் 25 மீட்டரில் இருப்பது போலத்தான். இரட்டைச் சிலிண்டர் முதுகில். பக்கவாட்டில் 21 மீட்டரில் மாற்ற 50 சதவீத நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் பங்கு கூட்டிய காற்று), 6 மீட்டரில் மாற்றச் சுத்த ஆக்சிஜன். கீழே இருபது நிமிடம், மொத்தம் ஒரு மணி நேரம் அளவில் தண்ணீரில். நான் ஹெர்மிஸில் இறங்கியது இப்படித்தான். பின்பக்கப் பீரங்கியின் கவசத்தில் வரிசையாக இருக்கும் ரிவெட் தலைகளைப் பார்த்தேன், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு சின்ன மஞ்சள் வளையம், கடற்பஞ்சு. அதைப் பார்த்தது நினைவில் இருக்கிறது என்பதுதான் ஹீலியத்துக்குக் கொடுத்த காசு.

செலவும் சொல்லிவிடுகிறேன், தொகையாக இல்லாவிட்டாலும். ஹீலியம் அங்கே கடையில் வாங்கும் சாமான் இல்லை, பல வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும் ரீப்ரீதர் வைத்திருப்பவர்களுக்கு மிகக் கொஞ்சம் போதும், ஆனால் அந்த இயந்திரமே ஒரு நல்ல பைக்கைவிட விலை அதிகம். பாதை இப்படி: நைட்ராக்ஸ், 40 மீட்டர் வரை டீப் (ஆழ டைவ்) பயிற்சி, அப்புறம் நின்று நின்று ஏறும் டிகம்ப்ரஷன் பயிற்சி 45 மீட்டர் வரை, அதற்கு மேல் டிரைமிக்ஸ் 60 மீட்டர். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறைய டைவ். அவசரப்படாதவர்களுக்கு இது சுகமான பாதைதான்.

கடைசியாக ஒன்று, யாரும் கேட்கவில்லை என்றாலும். ஏப்ரல்42 சொன்ன பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிப்பல்ஸும் மலேசியாவின் குவாந்தனுக்கு வெளியே, எங்கள் பக்கத்துக் கடலில். இரும்புக்காகவும் பித்தளைப் புரொப்பல்லருக்காகவும் அவற்றைக் கிழித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2023 மே மாதம் மலேசியா ஒரு சீனத் தோண்டுக் கப்பலைப் பிடித்தது. ஜாவாக் கடலில் இன்னும் மோசம். 1942 பிப்ரவரியில் மூழ்கிய டச்சுக் கப்பல்கள் டி ராய்டரும் ஜாவாவும் 2016இல் போய்ப் பார்த்தபோது இல்லவே இல்லை. சோனாரில் கப்பல் வடிவத்துக்கு ஒரு பள்ளம் மட்டும் தெரிந்தது. நூற்றுக்கணக்கானவர்களின் கல்லறை அது, பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ஆகவே ஹெர்மிஸிலோ சார்ஜன்டிலோ யாராவது ஒரு பித்தளைத் துண்டை எடுத்து "நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று நீட்டினால், கீழேயே போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

---

நீலாங்கரை எழுதியது:

அடர்த்திக் கணக்கு எனக்குப் புதிது. படித்துவிட்டு வருகிறேன். ஆனாலும் பழைய ஆட்கள் இறங்கினார்களே என்ற என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

---

பாலமீன்மடு எழுதியது:

இறங்கினார்கள் நீலாங்கரை. எனக்குத் தொழில் பழக்கியவரும் காற்றில்தான் இறங்கினார், கம்ப்யூட்டர் இல்லாமல். இப்போது அவர் படி ஏற இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும், இடுப்பு எலும்பு போய்விட்டது. சங்கும் கடலட்டையும் எடுக்க நாள் முழுக்க ஏறி இறங்கியதும் சேர்ந்துதான். கடற்கரையில் அப்படி நடக்கிற ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

---

நொய்யல் எழுதியது:

சிராங்கூன் அக்கா, வகுத்துப் பார்த்தேன். போதும், விளங்கிவிட்டது.

இந்த முறை பிரிட்டிஷ் சார்ஜன்ட் மட்டும். மனைவியிடம் சொன்னதும் முதல் கேள்வியே "அப்போ நுவரெலியா எப்போ?" என்பதுதான். எங்கள் திட்டம் கொழும்பில் இறங்கி, நேராகக் கிழக்குக் கரைக்கு வந்து டைவ் முடித்து, அடுத்த நாள் காலை வேனில் பதுளை, எல்ல என்ற மலையூர் வழியாக நுவரெலியா ஏறி, அங்கிருந்து கண்டி, கொழும்பு, விமானம். இதில் ஏதாவது மாற்ற வேண்டுமா? அப்புறம் படகை எப்படித் தேர்ந்தெடுப்பது? போனில் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள்.

---

பாலமீன்மடு எழுதியது:

தம்பி, திட்டத்தைத் தலைகீழாகப் போடுங்கள். நுவரெலியா 1800 மீட்டருக்கு மேல். டைவ் முடித்த உடம்பில் இன்னும் நைட்ரஜன் இருக்கும், மலை ஏறுவது விமானம் ஏறுகிற மாதிரித்தான். எல்ல ஊரே 1000 மீட்டர் இருக்கும். வெளிநாட்டுக்காரர் நிறையப் பேர் விமானத்துக்கு 24 மணித்தியாலம் கவனமாக எண்ணுவார்கள், வேன் மலை ஏறுவதை எண்ண மாட்டார்கள். முதலில் கண்டி, நுவரெலியா, எல்ல என்று சுற்றிவிட்டு, பதுளையில் இருந்து கீழே இறங்கி எங்கள் பக்கம் வாருங்கள். கடைசியாகக் கடல். திரும்பும்போது மட்டக்களப்பில் ரயில் ஏறினால் பொலன்னறுவை வழியாகக் கொழும்புக்குத் தரைப் பாதைதான், மலை இல்லை. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் முழுதாக ஒரு நாளாவது விடுங்கள். அந்த நாளில் மனைவியைக் கல்லடிப் பாலத்துக்குக் கூட்டிப்போய் வாவியைக் காட்டலாம்.

படகு விஷயம். போனில் நீங்கள் கேள்வி கேட்கிறதைவிட, அவர்கள் உங்களை என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். கடைசியாக எப்போது இறங்கினீர்கள், எவ்வளவு ஆழம், லாக் புத்தகம் கொண்டுவருவீர்களா, வேறு வருத்தம் (நோய்) ஏதும் உண்டா என்று கேட்காதவர் உங்கள் காசை மட்டும்தான் எண்ணுகிறார். பிறகு நீங்கள் கேளுங்கள்: படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, அது நிரம்பி இருக்கிறதா. இருக்கிறது என்பார்கள். காலையில் ஏறும்போது திறந்து காட்டச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். எல்லாரும் தண்ணீருக்குள் இருக்கும்போது படகில் எஞ்சின் தெரிந்த ஒரு ஆள் நிற்க வேண்டும். நைட்ரஜன் கோளாறு வந்த டைவருக்குச் சிகிச்சை தருகிற அழுத்த அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில்தான், காயாங்கேணியில் இருந்து ரோட்டில் போக எவ்வளவு நேரம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்ல வேண்டும். டைவ் இன்சூரன்ஸ் ஊரிலேயே எடுத்துவிடுங்கள், சாதாரணப் பயண இன்சூரன்ஸில் இது பெரும்பாலும் வராது.

மனைவிக்கும் வரும் முன்னமே அட்வான்ஸ்டு முடிக்க முடிந்தால் செய்யுங்கள், சார்ஜன்ட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து இறங்கலாம். நீங்கள் தனியாகப் போய்வந்து கரையில் நின்று கதை சொன்னால் அவர் அடுத்த வருடம் டிரைமிக்ஸுக்குக் காசு தரமாட்டார்.

ஆடி அமாவாசைக்கு முன்னுள்ள நாட்கள் என்றால் அறையை இப்போதே பிடியுங்கள். மாமாங்கேஸ்வரர் திருவிழா, ஊரில் இடம் கிடைக்காது.